நாலாயிரத்து இருநூறு வீடுகள்

— பத்து நாப்பத்தொண்ணு. உங்களை எத்தனை மணிக்கு வரச் சொன்னேன், தனபால்?

— பத்துக்குங்க மேடம். வாளையார் செக்போஸ்ட்ல ஒரு சிமெண்ட் லாரி குறுக்கால நின்னு போச்சுங்க…

— உங்களுக்கு எல்லாத்துக்கும் வாளையார்தான். லேட்டா வந்தாலும் வாளையார், கள்ளக் கணக்கு எழுதினாலும் வாளையார்.

— கள்ளக் கணக்குங்களா? அந்த வார்த்தையைச் சித்தே…

— உக்காருங்கோ. ஸ்கிரீனைப் பாருங்கோ. ஆஸ்பத்திரிச் செலவு சர்வேக்குன்னு நீங்கோ வீடு வீடாப் போனேளே, அதுல இருபத்துநாலு வீட்டை என் புரோகிராம் வெளில தள்ளிடுத்து.

— ஏனுங்க?

— ஆஸ்பத்திரி இருக்கறது வேற ஸ்டேட்டாம். போக வர ஆன செலவு அம்பது ரூபாயாம், அறுபது ரூபாயாம். வேற ஸ்டேட்டுக்கு அறுபது ரூபாய்ல போயிட்டு வந்த மகான்கள் உங்க லிஸ்ட்ல மட்டும் இருபத்துநாலு பேர்.

— மேடம், எங்கூர்ல மூத்தரம் போக ரோட்டைத் தாண்டுனாவே தமிழ்நாடுங்க. காய்ச்சல் வந்தா கோயமுத்தூர் பஸ்ஸைப் புடிப்பானா, இல்ல உங்க புரோகிராமுக்குப் பயந்துட்டு பாலக்காட்டுக்கு வருவானா?

— நாக்கை அடக்கிப் பேசுங்கோ.

— இந்த ரூலை எழுதுனது ஆருங்க?

— மேலேந்து வந்தது. நாடு முழுக்க ஒரே ரூல்.

— அந்த மேலாக்க இருக்கறவரை ஒருக்கா எங்கூரு வேலந்தாவளத்துக்குக் கூட்டியாங்க. ஒரு காலைக் கேரளத்துலயும் ஒரு காலைத் தமிழ்நாட்டுலயும் வெச்சு நிக்க வெக்கறேன். அப்பறம் பஸ் டிக்கெட் எவ்வளவுன்னு கேளுங்க.

— ஆச்சா?

— ஆவுலீங்க. மறையூர்ல டிஜோன்னு ஒருத்தன் இருக்கான். போன ரவுண்டுல முப்பது ஊட்ல ஒருத்தருக்குத் தலைவலி கூட இல்லீன்னு எழுதுனான். எல்லாம் சைபரு. அவனை உங்க புரோகிராம் தொட்டுச்சுங்களா?

— சைபருக்கு ரூல் இல்லை.

— ஆக, ஒண்ணுமில்லைன்னு எழுதுனா யோக்கியன். உள்ளதை எழுதுனா திருடன்.

— டிஜோவைப் பிடிச்சதே நான்தான். ஜனவரில மறையூர் குளிர்ல வீடு வீடா ஏறி இறங்கினேன். அவன் போன ஒரே வீடு கள்ளுக் கடை. இப்போ அவன் வேலைல இல்லை. போறுமா?

— …செரிங்க.

— அப்பறம், நானும் பாலக்காட்டுக்காரிதான். திருவனந்தபுரத்துல வேலை பார்த்தா வாளையார் மறந்துடுமா? உங்க இருபத்துமூணு வீட்டையும் நேத்தே திரும்பச் சேத்தாச்சு.

— சேத்தாச்சுங்களா? அட கெரகமே… பொறவு எதுக்குங்க என்னை இத்தனை நேரம் நாயாட்டம் பேச உட்டீங்க?

— பாக்கி ஒண்ணு இருக்கு.

— எது?

— பிளாக் ஆறு, வீடு எட்டு. ஆண், எழுபத்தொண்ணு வயசு. பென்ஷன். தனியா இருக்கார். ஒரே வருஷத்துல அஞ்சு தரம் ஆஸ்பத்திரி. ஜனவரி எட்டு, ஜனவரி இருபத்தொம்பது, பிப்ரவரி பத்தொம்பது, மார்ச் பன்னெண்டு, ஏப்ரல் ரெண்டு. இதைப் பார்த்தா உங்களுக்கே சிரிப்பு வரலை?

— இல்லீங்க.

— இருபத்தொண்ணு நாள், இருபத்தொண்ணு நாள், இருபத்தொண்ணு நாள். எல்லாம் வியாழக்கிழமை. மனுஷாளுக்கு இப்படியா நோய் வரும்? ஒரு வரியை எழுதி நாலு தரம் காப்பி அடிச்சிருக்கேள். தேதியையாவது கொஞ்சம் கலைச்சிருக்கக் கூடாதோ? டிஜோவுக்கு இருந்த புத்தி கூட இல்லை.

— மேடம், அது நோவு வர்ற தேதி இல்லீங்க. மருந்து ஏத்தற தேதி.

— ஓ. டாக்டர் தனபால்.

— சிரிங்க. இருபத்தொரு நாளைக்கு ஒருக்கா ஏத்துவாங்க. காலைல போனா சாயந்தரம் உட்ருவாங்க. என்ற மாமியாருக்கு ஏத்துனாங்க, எனக்குத் தெரியும். ஆமா, என்ன நோவுன்னு நீங்க படிக்கலையே?

— கோட் பதினொண்ணு.

— பதினொண்ணுன்னா?

— பதினொண்ணுன்னா பதினொண்ணு.

— கேன்சருங்க மேடம். வாய்ல வரமாட்டேங்குதுங்களா?

— எனக்குக் கோட் போறும். எழுபத்தொண்ணு வயசு. கோட் பதினொண்ணு. கூட வந்தவா யாரும் இல்லை. பஸ்ல போய், மருந்து ஏத்திண்டு, பஸ்லயே திரும்பி வரார். சினிமால கூட இப்படி எழுத மாட்டா.

— அவுரு அப்படித்தானுங்க சொன்னாரு.

— நேர்ல பார்த்தேளா, இல்லை டீக்கடை பெஞ்சுல உக்காந்து டேப்லெட் ஸ்கிரீனைத் தட்டினேளா?

— பாத்தனுங்க. எதுத்தாப்பல உக்காந்து முக்கா மணி நேரம் பேசுனனுங்க. பங்குனி மாசத்து வெயில்ல கம்பளிக் குல்லா போட்டுட்டு இருந்தாரு. ஃபேன் கூடப் போடல. எனக்கு மோரு கலக்கிக் குடுத்தாரு. கை நடுங்கிப் பாதி கீழ ஊத்திருச்சு.

— குல்லா.

— ஆமாங்க, கம்பளி.

— என்ன…

— என்னங்க?

— ஒண்ணுமில்லை. பேர் என்ன சொன்னார்?

— அதைச் சொல்லக் கூடாதுங்க மேடம். பேரு, விலாசம் எல்லாம் வேற ஃபைலு. உங்களுக்கே தராதது. நீங்கதான் ட்ரெய்னிங்ல பாடம் எடுத்தீங்க.

— எனக்கு நம்பர் மட்டும் போறும். நான் கேட்டது நீங்கோ நெஜமாவே போனேளான்னு பாக்க. அப்போ பசங்களே இல்லியா அந்த மனுஷனுக்கு?

— ஒரு பொண்ணு இருக்குதுங்க. வேற ஊர்ல நல்ல வேலை. அதுக்குத் தெரியாதாமா. சொல்லலையாமா.

— தெரியாதாமா! அவ என்ன குருடா? மாசம் ஒரு தரம் வந்து எட்டிப் பாக்க மாட்டாளா? ரூபாய் அனுப்பினாப் போறும்னு இருப்பாளா? அப்படி ஒரு பொண்ணு இருந்தா அவளைச் செருப்பால அடிக்கணும். அதனாலதான் சொல்றேன், அவளும் நீங்கோ ஜோடிச்சது.

— மேடம், நான் பதினோரு வருசமா ஊடு ஊடாப் போறேன். எல்லாத் தெருவுலயும் அப்படி ரெண்டு புள்ளைங்க இருக்காங்க. தெனமும் போன் பண்ணி சாப்பிட்டாச்சான்னு கேப்பாங்க. இவுங்க சாப்பிட்டேன்னு சொல்லுவாங்க. அதோட முடிஞ்சுது.

— ரொம்ப தத்துவம் பேசாதேங்கோ. இதோ பேப்பர். "மேற்படி வீட்டுக்கு நான் போகவில்லை, விவரங்களை நானே எழுதினேன்." இதுல பேரெழுதி ஒப்பு போடுங்கோ. நான் அந்த வரியை எடுத்துடறேன்.

— ஒப்புப் போட்டா அடுத்த ரவுண்டுல என்னைக் கூப்புட மாட்டாங்க.

— மாட்டா.

— எந்த சர்வேக்கும் கூப்புட மாட்டாங்க. டிஜோவோட பேரு எழுதுன லிஸ்ட்டுல என்ற பேரும் ஏறும்.

— ஏறும்.

— தெரிஞ்சேதான் கேக்கறீங்களா?

— தெரிஞ்சேதான்.

— அப்ப நான் ஒண்ணு கேக்கறனுங்க. அந்த இருபத்தொரு நாள் ரூலு, அதும் மேலாக்க இருந்து வந்துதுங்களா?

— அது நான் எழுதினது.

— எப்பங்க?

— போன வெள்ளிக்கிழமை.

— கேரளா பூராவும் அதுல எத்தனை ஊடு மாட்டுச்சு?

— …ஒண்ணு.

— ஒண்ணு! ஊட்டைப் பாத்துட்டு அதுக்கு அளவெடுத்து ரூலு தெச்சிருக்கீங்க. இதுல நான் திருடன். உங்க மேலதிகாரி கோபிநாத் சார்கிட்ட இதைச் சொன்னா அவரு யாரைப் பாத்துச் சிரிப்பாருன்னு நெனைக்கறீங்க?

— சொல்லுங்கோ. போங்கோ, போய்ச் சொல்லுங்கோ.

— ஒரு ஊட்டை எடுத்தா என்னங்க ஆவும்?

— அந்த வீடு ஒண்ணில்லை. கணக்குல அது நாலாயிரத்து இருநூறு வீட்டுக்குப் பிரதிநிதியாக்கும்.

— ஆக, நாலாயிரத்து இருநூறு ஊட்ல கேன்சரு இல்லீன்னு ஆயிரும்.

— கணக்குல, ஆமாம்.

— நல்ல வைத்தியமுங்க.

— நாலாயிரத்து இருநூறு வீட்டைப் பத்தி எனக்குக் கவலை இல்லை. இந்த வீடு… இதோ பாருங்கோ, இன்னிக்கு ஏப்ரல் இருபத்துமூணு. வியாழக்கிழமை. ரெண்டாம் தேதிலேந்து எண்ணினா இருபத்தொண்ணாம் நாள். உங்க கதை நெஜம்னா, உங்க ஆள் இந்நேரம் கோயமுத்தூர்ல இருக்கணும். இருப்பாரா?

— இருப்பாருங்க.

— எப்படி அவ்வளவு நிச்சயமாச் சொல்றேள்?

— மேடம், உங்க போன் அடிக்குது.

— …அப்பா. ம், சொல்லுங்கோ. நான் காலைலயே வந்துட்டேன், நேரா ஆபீஸ்தான்… சாப்பிட்டாச்சா? … என்ன சாப்பிட்டேள்? … செரி. செஸ் கிளப்புக்குப் போயாச்சா? யார் அங்கே சத்தம் போடறது? ஏதோ நம்பர் கூப்பிடறாளே, முப்பத்தாறு, முப்பத்தேழுன்னு… ஓ, ஹோட்டலா. டோக்கனா. செரி… சாவி பக்கத்தாத்துலதானே? … ஜெயிச்சுட்டு வாங்கோ. வெக்கறேன்… என்ன தனபால், அப்படிப் பாக்கறேள்?

— ஒண்ணுமில்லீங்க. அப்பாங்களா?

— ஆமாம். கோயமுத்தூர்ல ஏதோ செஸ் கிளப். ரிட்டயர் ஆனவாளுக்குப் பொழுது போகணுமே.

— பஸ்லீங்களா?

— பஸ்லதான்.

— தனியாங்களா?

— செஸ் ஆடறதுக்குக் கூட ஆள் வேணுமா?

— மேடம், பாலக்காட்ல உங்க ஊடு எங்கீங்க?

— கல்பாத்தி. எதுக்கு? அதையும் சர்வே எடுக்கப் போறேளா?

— இல்லீங்க… அந்தப் பேப்பரைக் குடுங்க.

— எதுக்கு?

— ஒப்புப் போட. பேனா இருக்குதுங்களா?

— இத்தனை நேரம் குதிச்சேளே?

— பொய்யிங்க. நான் போட்டதுதான். அந்த ஊட்டுக்குப் போகவே இல்லை.

— போகலை?

— கதவு சாத்தியிருந்துச்சுங்க. வெயிலு. பஸ் ஸ்டாண்டுல உக்காந்து எழுதிட்டேன்.

— இருபத்தொண்ணு நாள்?

— அதான் சொன்னனே, மாமியாரு. அவுங்க சீட்டைப் பாத்து எழுதுனது.

— மாமியார் பொம்மனாட்டி. நீங்கோ ஆண்னு போட்டிருக்கேள்.

— மாத்திப் போட்டனுங்க. சந்தேகம் வரக் கூடாதுன்னு.

— எழுபத்தொண்ணு வயசு?

— வாய்க்கு வந்துதுங்க.

— மோர் கலக்கிக் குடுத்தாரே?

— மோரும் பொய்யிங்க.

— அந்தப் பொண்ணு?

— அப்படி ஒரு பொண்ணு இருக்குமுங்களா? நீங்களே சொன்னீங்க.

— …அப்போ என்னமா அளந்தேள்! கை நடுங்கித்து, பாதி கீழே ஊத்தித்துன்னு. வெக்கமா இல்லை?

— இல்லீங்க.

— பதினோரு வருஷம் இந்த லட்சணத்துலதான் எழுதினேளா?

— அப்படியே வெச்சுக்குங்க. இங்கீங்களா ஒப்பு?

— அங்கே இல்லை. கீழே. தேதியும் போடுங்கோ.

— இருபத்துமூணு. போட்டாச்சு. இனி வரியை எடுங்க.

— இதோ… எடுத்தாச்சு. புரோகிராமை ஓட விட்டாச்சு. பாலக்காட்டோட சராசரி கொறைஞ்சுடுத்து, பாருங்கோ.

— நாலாயிரத்து இருநூறு ஊட்ல நோவு தீந்துச்சு. ஆஸ்பத்திரிக்காரன் கூட இத்தனை வேகமாப் பண்ண மாட்டான்.

— போறும். நீங்கோ போலாம்.

— வரட்டுங்களா… மேடம், இன்னிக்கே திருவனந்தபுரத்துக்கு வண்டி ஏறீராதீங்க.

— ஏன்?

— வாளையார்ல அந்த லாரி இன்னும் நிக்கும். உங்கப்பா வர்ற பஸ்ஸு லேட்டாவும். ஸ்டாண்டுல போய் நின்னீங்கன்னா ஒரு கை புடிச்சு எறக்கலாம்.

— செஸ் ஆடிட்டு வரவாளுக்குக் கை எதுக்கு?

— வயசானவருங்களே… அதுக்குச் சொன்னேன். கதவைச் சாத்தட்டுங்களா?

— தனபால், நில்லுங்கோ.

— சொல்லுங்க.

— ஜனவரில, டிஜோவோட வீடுகளைச் சரி பாக்க மறையூர் போனப்போ, பஸ் ஸ்டாண்டு பக்கத்துல எங்கப்பாக்கு ஒரு கம்பளிக் குல்லா வாங்கினேன். கல்பாத்தி வெயில்ல இதை யாருடி போடுவான்னு சிரிச்சார். மோரு, பொண்ணு, இருபத்தொண்ணு நாள், எல்லாம் பொய்யாவே இருக்கட்டும், ஒப்பு போட்டுட்டேள்… அந்தக் குல்லா என்ன கலர்?