எல்லைக்கல்லில் கேட்ட உத்தரவு

எனக்குச் சர்க்கரை வியாதி கிடையாது இன்ஸ்பெக்டர் சார், டீயில் தாராளமாகவே போடச் சொல்லுங்கள். நிதானமாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் தவசி. சொந்த ஊர் சிலமலை. இருபத்திரண்டு வருடமாக மலையில், ஏலத்தோட்டத்தில் வேலை. தோட்டத்து எல்லைக்கல்லில் நிற்கிற கருப்பசாமிக்கு ஆடுகிறவனும் நான்தான். தோட்டத்து லைன் வீடுகளில் குடியிருக்கிற கூலிச் சனங்கள் கீழே போடிக்கு இறங்கும்போது ஜீப்பை அங்கே நிறுத்துவார்கள். கல்யாணமோ வைத்தியமோ, உத்தரவு கேட்காமல் யாரும் எல்லையைத் தாண்டுவதில்லை. எனக்கு அருள் வரும், வாக்குச் சொல்வேன், திருநீறு பூசுவேன், ஜீப்பு கிளம்பும்.

செத்துப்போன ஜெகதீஷ் என் தங்கை முறை அன்னக்கொடிக்கு ஒரே மகன். கெட்டிக்காரப் பயல். சென்னைக்குப் போய் ஒரு டிவி காமெடி நிகழ்ச்சியில் இடம் பிடித்துவிட்டான். அங்கே அவன் செய்து காட்டியது ஒரு சாமியாடியை. அருள் வந்து குதிக்கிற சாமி, தரையில் முள் கிடந்தால் அரைக்கண்ணைத் திறந்து பார்த்து, ஒதுங்கி, அந்தப் பக்கம் போய்க் குதிக்கும். அவ்வளவுதான் காமெடி. நடுவர்கள் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் உறுமல், என் கால் வைப்பு, இடுப்பில் கை ஊன்றுகிற விதம், எல்லாம் அப்படியே இருந்தது.

போடியில் சில பேர் சாமிக்கு அவமானம் என்று கொதித்தார்கள். அவன் மேல் மனு எழுதி, கையெழுத்துக் கேட்டு என்னிடம் வந்தார்கள். நான் போடவில்லை. சாமியைக் கேலி செய்வது குற்றமா என்று நீங்கள் கேட்டாலும் இல்லை என்றுதான் சொல்வேன். மழை பிந்தினால் எங்கள் பெண்கள் கருப்பனை வாயில் வந்தபடி ஏசுவார்கள். மறுநாள் அவர்களே பொங்கலும் வைப்பார்கள். டிவி பார்த்து நாலு பேர் சிரித்தால் அரிவாள் பிடித்த சாமிக்கு என்ன குறைந்துவிடப் போகிறது? தவசிக்கு எவ்வளவு பெரிய மனசு என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டார்கள்.

பங்குனிப் பொங்கலன்று ஆடிக்கொண்டிருந்தேன். கூட்டத்திலிருந்து முத்துப்பேச்சி, "சாமி, முள்ளு கெடக்கு, பாத்து" என்றாள். சனம் கொல்லென்று சிரித்தது. அன்னக்கொடி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், ஆனாலும் தோள் குலுங்கியது. எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. அதற்கப்புறம் வாக்குக் கேட்க வருகிறவர்கள் முதலில் என் காலைப் பார்த்தார்கள், பிறகுதான் முகத்தைப் பார்த்தார்கள்.

ஆவணியில் அவன் லீவில் வந்தான். ஆத்தாவுக்கு ஒத்தாசையாகக் காய் பறிக்கப் போனான். ஏலக்காய் செடியின் தூரில்தான் காய்க்கும். குத்தவைத்து, சருகுக்குள் கைவிட்டுத்தான் பறிக்க வேண்டும். காலை ஒன்பதரைக்குப் புறங்கையில் விரியன் கடித்துவிட்டது. டிரைவர் பிச்சைமணி உடனே ஜீப்பில் ஏற்றினான். போடி ஆஸ்பத்திரிக்கு ஒன்றரை மணி நேரம். நேரே போயிருந்தால் பிழைத்திருப்பான்.

பிச்சைமணி கல்லருகே நிறுத்தாமல் போகத்தான் பார்த்தான். அன்னக்கொடி விடவில்லை. அன்றைக்குச் சிரித்த அதே அன்னக்கொடிதான். சாமியைக் கேலி செய்த பிள்ளை, உத்தரவில்லாமல் எப்படித் தாண்டும் என்று பயந்துவிட்டாள். கல்லுக்குப் பக்கத்தில் களை வெட்டிக்கொண்டிருந்த என்னிடம் ஓடிவந்து காலில் விழுந்து, "அப்பு, கருப்பா, ஒரு சொல்லு குடுப்பா" என்றாள்.

நான் ஆடினேன். "உச்சிப் பொழுது சாயாம எல்லையத் தாண்டாத. தாண்டுனா உசுரு தங்காது" என்றேன்.

"அண்ணே, கை வீங்கிருச்சுண்ணே. வெரசா எறக்கணும்" என்று பிச்சைமணி கெஞ்சினான். அன்னக்கொடி வண்டிச் சாவியைப் பிடுங்கி மடியில் செருகிக்கொண்டு, மகனை மரநிழலில் கிடத்தினாள்.

அருள் கலைந்தால் மறுபடி உத்தரவு கேட்பார்கள். அதனால் நிறுத்தாமல் ஆடினேன், இரண்டு மணி நேரத்துக்கு மேல். அன்று நான் முள் பார்த்துக் கால் வைக்கவில்லை. பாதம் கிழிந்து ரத்தம் வந்தது. எல்லோரும் பார்த்தார்கள், ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஜெகதீஷ் மட்டும் என் முகத்தையே பார்த்தபடி கிடந்தான். ஈறிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. "மாமா, வெளையாட்டுக்குத்தான் செஞ்சேன். போதும் மாமா, போகச் சொல்லு" என்றான். சாமியைக் கூப்பிடவில்லை பாருங்கள், என்னைத்தான் கூப்பிட்டான். எனக்கு நன்றாகவே கேட்டது.

பன்னிரண்டேகாலுக்குத் திருநீறு பூசி உத்தரவு கொடுத்தேன். பாதி மலை இறங்குவதற்குள் முடிந்துவிட்டது.

ஏன் இத்தனை தாமதம் என்று டாக்டர் கேட்டதால்தான் நீங்கள் இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். அன்னக்கொடி புகார் தரமாட்டாள் சார். சாமிதான் தண்டித்தது என்று நம்புகிறாள். வெள்ளிக்கிழமை தவறாமல் பட்டினியாகக் கல்லடிக்கு வந்து, மகன் செய்ததற்கு மன்னிப்புக் கேட்கிறாள். போன வாரம், "கோவம் தீந்துச்சா சாமி?" என்று கேட்டாள். இன்னும் தீரவில்லை என்று உறுமினேன். அடுத்த வாரமும் வருவாள்.

கருப்பனுக்கு அந்தப் பிள்ளை மேல் நிஜமாகவே கோபம் இருந்ததா என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். இந்த இருபத்திரண்டு வருடத்தில் அந்தச் சாமி ஒரு நாள்கூட என் மேல் வந்ததில்லை. எனக்கு எப்படித் தெரியும்?