சீட்டுக்கு அடியில் இருக்கும் ஸ்பீக்கர்

— கார்ல இருக்குற அந்த ஆம்ப்ளிஃபயரக் கழட்டித் தூரப் போட்டுட்டு வேற மாட்டிக்கிருவோம்னு மட்டும் சொல்லிறாதீங்க, மாரீஸ்வரண்ணே. போற கடையிலெல்லாம் அதத்தான் சொல்றாங்க. பாளையம்பட்டி வரைக்கும் உங்களத் தேடி வந்ததே அதுக்காகத்தான்.

— நான் அப்படிச் சொல்லவே இல்லையே, பிரவின் தம்பி. புதுசு விக்குறவனுக்குப் பழசெல்லாம் குப்பைதான். மொதல்ல உள்ள என்ன பண்ணி வச்சிருக்கானுகன்னு பாப்போம். இந்தப் பெரிய ஸ்க்ரீனு யாரு மாட்டுனது?

— வெளியூர்ல ஒரு கடை. பேரு எதுக்கு, விடுங்க. சொல்லப்போனா தப்பு என் மேலதான். வண்டியோட வந்த கம்பெனி செட்டு ஸ்க்ரீனு கருத்துப்போச்சு, தொட்டா ஒண்ணும் நகரலை. சரி, அப்பா ஆசையாப் பாட்டுக் கேப்பாரே, பெருசாவே போட்டுருவோம்னு போட்டேன்.

— போட்டது தப்பில்லை தம்பி, போட்ட விதந்தான் தப்பு. இங்கிட்டு வந்து எட்டிப் பாருங்க. கம்பெனியிலருந்து வரும்போதே இந்த வண்டியில செட்டு தனி, ஆம்ப்ளிஃபயரு தனி. செட்டு சின்னச் சத்தமாத்தான் அனுப்பும். டிக்கியில இருக்குற ஆம்ப்ளிஃபயரு அத வாங்கிப் பெருசாக்கி எல்லா ஸ்பீக்கருக்கும் பிரிச்சுக் குடுக்கும். கண்மாய்த் தண்ணிய வாய்க்காலுக்குப் பிரிக்கிற மாதிரின்னு வச்சுக்கங்க. மாட்டுனவன் கண்மாயவே விட்டுட்டான். கதவு ஒயர எல்லாம் வெட்டி, செட்டுலருந்து நேரா முடிச்சுப் போட்டுட்டான்.

— அவங்ககிட்டயும் கேட்டேன். அதான் சத்தம் வருதே, என்ன குறைங்குறாங்க.

— வருது. கதவுல இருக்குறது பாடுது. ஆனா இடது பக்க முன் சீட்டுக்கு அடியில ஒண்ணு கவுந்து கெடக்கு, குனிஞ்சு பாருங்க. அடிச்சத்தத்துக்குன்னே வச்சது. பெரிய தாம்பாளம் கணக்கா இருக்கா? அது செத்துக் கெடக்கு. ஆம்ப்ளிஃபயரு இல்லாம அதுக்கு உசுரு வராது.

— அந்தச் சீட்டுதாண்ணே அப்பா உக்கார்ற சீட்டு.

— வெளிய ரோட்டப் பாத்து உக்காந்திருக்காகளே, அவுகளா?

— அவருதான். சௌடையான்னு பேரு. வாழ்நாளெல்லாம் அருப்புக்கோட்டையில விசைத்தறிக் கொட்டகையில நின்னவரு. முட்டி போனப்புறம் வீட்டோட இருக்காரு.

— வந்ததும் டீ சொல்லட்டுமா ஐயான்னு கேட்டேன். திரும்பிக்கூடப் பாக்கலை. என்ன தப்பாச் சொல்லிட்டோம்னு எனக்கு ஒரு மாதிரி ஆயிப்போச்சு.

— நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்க. எல்லார்கிட்டயும் அப்படித்தான். பக்கத்துல இருந்து பேசுனாலும் பதில் வராது, பின்னாடி இருந்து கூப்பிட்டாலும் வராது. நேரா முன்னால போய் நின்னு, மொகத்தப் பாத்துக் கேக்கணும். பெரிய ஜமீனு.

— வயசானவுகளுக்கு ஒரு கெத்து இருக்கத்தான் செய்யும். எங்க நரிக்குடிப் பக்கம் வந்து பாருங்க, ஆடு மேய்க்கிற பெருசு கூட அப்படித்தான் பேசும்.

— கெத்துன்னா சிரிச்சுட்டுப் போயிரலாமேண்ணே. என் வீடே ரெண்டாயிருச்சு.

— என்ன தம்பி சொல்றீக?

— நாளைக்குக் காலையில நாங்க விருதுநகருக்குக் குடி போறோம். நான், ஸ்ரீமதி, பிள்ளை. சாமான் ஏத்த வண்டி சொல்லியாச்சு.

— அவுக?

— அவரு இங்க அருப்புக்கோட்டையிலதான்.

— தனியாவா? அம்மா இல்லையா?

— அம்மா போய்ச் சேந்துட்டாங்க. பிள்ளை ஒண்ணாப்பு போற வரைக்கும் இருந்து பாத்துட்டுத்தான் போனாங்க.

— இந்த டவுன் பஸ்ஸுக்காரன் ஒருத்தன், காதுக்குள்ளயே வந்து ஹாரன் அடிக்கிறான். போகட்டும். அந்த லைட்ட இப்படிச் சாச்சுப் பிடிங்க. ம், சொல்லுங்க. அப்படி என்ன பெரிய தகராறு?

— தகராறுன்னு சொல்றதா, என்ன சொல்றதுன்னு தெரியலை. ஸ்ரீமதி முழுகாம இருக்கா, ரெண்டாவது. போன வாரம் பின்கட்டுல துணி துவைக்கப் போனவ பாசியில வழுக்கி விழுந்துட்டா. எந்திரிக்க முடியலை. மாமா, மாமான்னு தொண்டை கிழியக் கத்தியிருக்கா. இவரு முன்ரூம்ல உக்காந்து பேப்பரு படிச்சுக்கிட்டு இருந்திருக்காரு. நடுவுல ஒரே ஒரு செவுருதாண்ணே. எந்திரிச்சு வரலை. கடைசியில பக்கத்து வீட்டு சுகந்தியக்கா சத்தம் கேட்டு ஓடி வந்து தூக்கியிருக்காங்க.

— அய்யய்ய. வயித்துப் பிள்ளைக்கு?

— எங்க குலசாமி சௌடம்மா புண்ணியத்துல ஒண்ணும் ஆகலை. ஆனா ஸ்ரீமதிக்கு மனசு விட்டுப்போச்சு. எதிரியா இருந்தாக்கூட அந்தச் சத்தத்துக்கு எந்திரிச்சு வந்திருப்பாங்கன்னு சொல்லிச் சொல்லி அழுவுறா.

— அவுகளக் கேட்டீகளா?

— கேட்டேன். தரையப் பாத்துக்கிட்டு நின்னாரு. கவனிக்கலைப்பான்னாரு. அந்த ஒரு வார்த்தைதான். அவ விழுந்ததுக்கு முந்தின நாள்தான் அவளுக்கும் இவருக்கும் சின்ன வாக்குவாதம். மாத்திரை தீந்துபோச்சான்னு இவ கேட்டுக்கிட்டே இருந்திருக்கா, இவரு காதுல வாங்காத மாதிரி எந்திரிச்சுப் போயிட்டாரு. கூப்பிட்ட கொரலுக்கு மரியாதை இல்லையான்னு இவ கோவப்பட்டா. அந்த வஞ்சத்துலதான் வரலைன்னு அவ நினைக்கிறா. சொல்லப்போனா நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

— பெத்த தகப்பன அப்படி நினைக்கிறதுக்கு மனசு கேக்கணுமே தம்பி.

— கேக்கலைதான். கேக்காமத்தான் நினைக்கிறேன்.

— ம். அந்தச் சின்ன ஸ்க்ரூ டிரைவர எடுங்க. அது இல்லை, மஞ்சக் கைப்பிடி.

— அதோட இந்த ஸ்க்ரீனு வேற. ஆசையா வாங்கிப் போட்டு, பக்கத்துல உக்கார வச்சு, அவருக்குப் பிடிச்ச பாட்டாப் போட்டுவிட்டேன். கைய அப்படியே சீட்டுக்கு ஓரத்துல வச்சுப் பாத்தாரு. கொஞ்ச நேரம் இருந்துட்டு, பாட்டு செத்துப்போச்சுப்பான்னு சொல்லிட்டு இறங்கிப் போயிட்டாரு. அன்னைக்கு அவரு மேல வந்த கோவம் இருக்கே. அதுக்கப்புறம் வண்டியில ஏறவே மாட்டேன்னுட்டாரு. இன்னைக்கு ஏத்திக்கிட்டு வர்றதுக்குள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

— தப்பா நினைக்காதீக, ஒண்ணு கேக்குறேன். குடியே போறீக. அப்புறம் எதுக்கு இம்புட்டு மெனக்கெட்டு இந்த ஆம்ப்ளிஃபயருக்கு உசுரு குடுக்கணும்?

— ஞாயித்துக்கிழமைக்காகத்தாண்ணே. கம்பெனி செட்டு நல்லா இருந்த காலத்துல ஞாயித்துக்கிழமையானா அவர ஏத்திக்கிட்டுத் திருச்சுழி கோயிலுக்குப் போயிட்டு வருவேன். போறப்பவும் வர்றப்பவும் பாட்டுதான். ரெண்டு பக்கமும் கரிசக்காடு, கருவேலம், வேற ஒண்ணும் இருக்காது. இவரு அந்தச் சீட்டுல கண்ண மூடிக்கிட்டு, தொடையில தாளம் போட்டுக்கிட்டு வருவாரு. மொகத்துல அப்படி ஒரு சிரிப்பு இருக்கும். வீட்டுல நான் பாக்காத சிரிப்பு. நாங்க ஒரு வார்த்தை பேசிக்க மாட்டோம். ஆனா பேசுன மாதிரி இருக்கும். வாரத்துக்கு ஒருக்கா விருதுநகர்லருந்து வந்து அது ஒண்ணையாவது பண்ணலாம்னு பாக்குறேன். இந்தப் பாட்டு சரியாகலைன்னா அவரு வண்டியில ஏற மாட்டாரு. அதுவும் போச்சுன்னா எனக்கும் அவருக்கும் நடுவுல ஒண்ணுமே இல்லைண்ணே.

— சரி சரி. கண்ணத் தொடைங்க. ஆகும். இந்தா பாருங்க, உங்க ஸ்க்ரீனு இருக்கட்டும், அத மாத்த வேண்டாம். அதுக்குப் பின்னாடி ஆம்ப்ளிஃபயருக்குன்னே தனி வாய் வச்சிருக்கான். மாட்டுனவன் அதத் தொடவே இல்லை. அங்கருந்து ஒயரு இழுத்துக் கம்பெனி ஆம்ப்ளிஃபயருக்குக் குடுத்துட்டேன். இந்த நீல ஒயரு ஒண்ணு இருக்கே, செட்டு எந்திரிச்சதும் ஆம்ப்ளிஃபயர உசுப்பி விடுறது இதான். இத டேப்பு சுத்தி ஓரமா ஒதுக்கி வச்சிருக்கான் படுபாவி. பாட்டு போய்க் கதவத் தட்டிக்கிட்டே இருந்தாலும் அது முழிக்காது.

— இப்ப முழிச்சிருச்சா?

— முழிச்சிரும். அவுககிட்ட குடி போறதச் சொல்லியாச்சா?

— முன்னால போய் நின்னு சொன்னேன். சரிப்பா, போயிட்டு வாங்கன்னாரு. அம்புட்டுதான். ஏன்டா, எங்கடா போறீங்க, இருங்கடான்னு ஒரு வார்த்தை வரலை. வந்திருந்தா இருந்திருப்பேனோ என்னமோ. ஆனா ஸ்ரீமதிய என்ன குத்தம் சொல்றது? மில்லுக்குப் போனா நான் திரும்ப இருட்டிரும். இந்த நேரத்துல கூப்பிட்ட கொரலுக்கு ஓடி வர ஒரு ஆளு வேணும்ல. விருதுநகர்ல அவ அம்மா வீடு அடுத்த தெருதான்.

— அதுவும் நியாயந்தான். சரி, ஆம்ப்ளிஃபயருக்குக் கரண்டு வந்துருச்சு. கதவு ஒயர இன்னும் ஒட்டலை. அதுக்கு முன்னாடி இந்தச் சீட்டுக்கடி ஸ்பீக்கர மட்டும் சோதிச்சிருவோம். காலிச் சீட்டுன்னா இது தகரம் மாதிரி உளறும், ஆளு உக்காந்தாத்தான் ஒழுங்கா அதிருதான்னு தெரியும். எப்பவும் யாரையாவது உக்கார வச்சுத்தான் பாப்பேன். அவுகளையே கூப்பிடுங்க, அவுக சீட்டுதானே.

— கூப்பிட்டா வந்துட்டுத்தான் மறுவேலை பாப்பாரு. அப்பா. அப்பாவ். பாத்தீங்கல்ல? இருங்க, ஜமீனு வாசலுக்கே போயிட்டு வாரேன்.

— மெதுவாக் கூட்டிட்டு வாங்க. இங்க ஒயரு கெடக்கு.

— என்னப்பா, வேலை முடிஞ்சிருச்சா?

— கொஞ்சம் பாக்கி இருக்குப்பா. இந்தச் சீட்டுல உக்காந்து சரியா இருக்கான்னு சொல்லணுமாம்.

— உக்காருறேன், உக்காருறேன். கையப் பிடிக்காத. முட்டிதான் போச்சு, மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கு.

— சீட்டுல நல்லாச் சாஞ்சுக்கங்க ஐயா. ஐயா, சாஞ்சுக்கங்க.

— அப்பா, இங்க பாருங்க. அண்ணன் உங்களச் சாஞ்சு உக்காரச் சொல்றாரு.

— ஆங், சாஞ்சுக்கிட்டேன், சாஞ்சுக்கிட்டேன்.

— கதவச் சாத்தியாச்சு. தம்பி, நீங்க இங்கிட்டு வந்துருங்க, கண்ணாடி வழியாப் பாத்தாப் போதும். என் ஃபோன்லருந்து விடுறேன்.

— கண்ண மூடிட்டாருண்ணே.

— தொடையில தாளம் போடுறாக.

— அதே மாதிரிதாண்ணே. கோயிலுக்குப் போறப்ப இப்படித்தான் வருவாரு. சிரிக்கிறாரு பாருங்க. எம்புட்டு நாளாச்சு இதப் பாத்து. கண்ணாடிய இறக்குறாரு, என்னமோ சொல்லப்போறாரு.

— கடைக்காரத் தம்பி, இப்பத்தான்யா பாட்டு பாட்டா இருக்கு. நல்லாப் பாடுறாங்க. ஒவ்வொரு வார்த்தையும் தெளிவா விழுது. உங்க கை நல்ல கை.

— சந்தோசம் ஐயா.

— கண்ணாடிய ஏத்திக்கிட்டாரு. உங்களுக்கு எப்படி நன்றி சொல்ல... ஏண்ணே, என்ன அப்படிப் பாக்குறீங்க?

— தம்பி, நான் இன்னும் பாட்டே போடலை.

— என்னண்ணே சொல்றீங்க? அதான் சத்தம் வருதே.

— இது சோதனைக்குன்னு ஃபோன்ல வச்சிருக்குற வெறும் உறுமல். டும்மு டும்முன்னு அதிரும், வேற ஒண்ணும் கெடையாது. பாடுற கொரலு வரணும்னா கதவு ஸ்பீக்கரு வேணும். அதுக்குத்தான் இன்னும் ஒயரே ஒட்டலையே. இதுல ஒரு வார்த்தை கூடக் கெடையாது தம்பி.

— ஒவ்வொரு வார்த்தையும் தெளிவா விழுதுன்னாரேண்ணே.

— அவுகளுக்குக் கேக்கலை. சீட்டு அதிருறது முதுகுல தெரியுது, அத வச்சுச் சொல்றாக. அந்தத் தறிக் கொட்டகைக்குள்ள எப்படித் தம்பி பேசிக்கிருவாக?

— அந்தச் சத்தத்துல யாருக்கு என்ன கேக்கும்? எல்லாம் வாயசைவப் பாத்துத்தான். கை ஜாடையும் வாயசைவும்தான். அதனாலதான் எதுத்தாப்புல நின்னு... அண்ணே. எதுத்தாப்புல நின்னாத்தான்.

— ஆமா தம்பி.

— ஸ்ரீமதி செவுருக்கு அந்தப் பக்கம் இருந்துல்ல கத்துனா.

— போங்க. கதவத் திறந்து மொகத்தக் காட்டிப் பேசுங்க. நான் அங்கிட்டுப் போயிருறேன்.

— அப்பா, என்னப் பாருங்க. உங்களுக்கு இப்ப என்ன பாட்டு கேக்குது?

— நீ எப்பவும் போடுற பாட்டுதான். எதுக்குக் கேக்குற? ஏன்டா மொகம் இப்படி இருக்கு?

— பாட்டு ஓடலைப்பா. வெறும் உறுமல்தான் ஓடுது.

— அப்படியா.

— எம்புட்டு நாளாப்பா காது கேக்கலை? அன்னைக்கு அவ விழுந்து கத்துனது உங்களுக்குத் தெரியவே தெரியாது. அதச் சொல்லாம ஏன்ப்பா தரையப் பாத்துக்கிட்டு நின்னீங்க? நாங்க உங்களப் பத்தி என்னென்னமோ நினைச்சு, வீட்டையே காலி பண்ணி...

— கத்தாத, அந்தத் தம்பிக்குக் கேட்டுறப் போகுது. சுகந்தி வந்து முன்னால நின்னப்பத்தான்டா எனக்கே தெரியும். இந்த நேரத்துல அந்தப் பிள்ளைக்குக் கூப்பிட்டா ஓடி வர்ற ஆளுக பக்கத்துல வேணும். அது நான் இல்லை. நாளைக்கு நேரத்தோட கெளம்புங்க. ஸ்ரீமதிகிட்ட மட்டும் இதச் சொல்லிறாதப்பா. திமிர் பிடிச்ச மாமன்னு நினைச்சாத்தான் அது கெளம்பும். காது கேக்காதவன்னு தெரிஞ்சா, எனக்காக இங்கயே இருந்துரும்.