நாற்பது புகார்கள் தேவை

— ஏம்மா, வருஷம் முழுக்க ஒரு புகார் கூடவா பதிவாகலே?

— பதிஞ்சா தீர்க்கணும், அதனால பதியாதேன்னு நீங்கதானே சார் சொன்னீங்க.

— அது அப்போ. இப்போ தரச் சான்றிதழ் கொடுக்க வந்த ஆய்வாளர் என் கழுத்தைப் பிடிக்கிறார். புகாரே இல்லாத பல்கலைக்கழகத்துல புகார் தீர்க்கிற முறை வேலை செய்யுதுன்னு எப்படி நம்பறதாம். பதினோரு மணிக்குள்ள நாப்பது வேணும். எல்லாம் தீர்ந்த புகாரா இருக்கணும்.

— அதுக்கு முன்னாடி என்னை நிரந்தரம் ஆக்குற கோப்பு சார். பதினோரு வருஷமா...

— பதிவாளர் என் தலையே உருளப் போகுது, உனக்குக் கோப்பு. முறைப்படி அப்புறம் பார்ப்போம். நீ புகாரைக் கற்பனை பண்ணிச் சொல்லு, நான் தீர்வைச் சொல்றேன். அப்படியே டைப் அடிச்சுக்கோ.

— ஒண்ணு. பரீட்சை ஹால் கடிகாரம் மூணு மணி நேரத்துல இருபது நிமிஷம் முந்திடுது. பிள்ளைங்க பாதியிலேயே தாளைக் கொடுத்துட்டு அழுதுட்டுப் போறாங்க.

— அடடா, எங்கேர்ந்தும்மா பிடிக்கிறே? கடிகாரம் மெதுவாக்கப்பட்டது.

— ரெண்டு. ஒரு பொண்ணோட ஆய்வேடு நாலு வருஷமா பேராசிரியர் மேஜைக்கு முட்டுக் கொடுத்துட்டு இருக்கு.

— உனக்குக் குறும்பு ஜாஸ்தி. பட்டம் வழங்கப்பட்டதுன்னு போடு.

— மேஜை ஆடுமே சார்.

— வேறு முட்டும் வழங்கப்பட்டது.

— மூணு. புத்தகம் எடுக்க நூலகர் கையெழுத்து வேணும். நூலகர் பதவி ஆறு வருஷமா காலி.

— நியமிச்சாச்சு. நல்லா வேலை பார்க்கிறார்னும் சேர்த்துக்கோ. இப்படியே ஓட்டு, ஓட்டு.

...

— நாப்பது. ஒரு தட்டச்சர் பதினோரு வருஷமா தற்காலிகம்.

— உன் கதையை நடுவுல நுழைக்காதேம்மா. ஆய்வாளர் நம்ப மாட்டார்.

— முப்பத்தொன்பதை நம்பறவர் இதையா சார் நம்ப மாட்டார்?

— சரி, எண்ணிக்கைக்கு ஆகட்டும். பணி நிரந்தரம் செய்யப்பட்டது. நீட்டு, கையெழுத்துப் போட்டுடறேன். அப்பாடா. ஓடிப்போய் ஆய்வாளர்கிட்ட கொடுத்துட்டு வா.

...

— கொடுத்துட்டேன் சார்.

— மகராசி. இரு, போன் அடிக்குது. சொல்லுங்க சார்... நேர்லயா? தாராளமா... இதோ.

— என்ன சார், முகம் வெளுத்துப்போச்சு?

— தாள் மட்டும் போதாதாம். புகார் கொடுத்தவங்களையே பார்க்கணுமாம். இல்லாத ஆளுங்களை நான் எங்கே போய்த் தேடுவேன்?

— ஏன் சார், முப்பத்தொன்பது பேரும் வராந்தாவுலதான் உக்காந்திருக்காங்க.

— யாரும்மா அது?

— தினமும் உங்களைப் பார்க்க வர்றவங்க சார். நீங்கதான் பின்பக்க வழியாப் போயிடுவீங்க. வருஷக்கணக்கா அவங்க என்கிட்ட புலம்பினதைத்தான் சொன்னேன். கற்பனை பண்ண எனக்கு ஏது சார் நேரம்? போற வழியில, நீங்க தீர்த்து வச்ச தாளோட நகலை ஆளுக்கு ஒண்ணு கொடுத்துட்டேன். ஒரு பெரியவர் உங்களை வாயார வாழ்த்தினார்.

— அடிப்பாவி. அந்தப் புகார்க் கட்டைத் திரும்ப வாங்கிக் கிழிச்சுப் போடு.

— வரிசை எண் போட்ட புகார்ல ஒண்ணு காணாமப் போனாலும் சான்றிதழ் கிடையாதுன்னு நம்ம தரக் கையேட்டுல எழுதினது நீங்க சார்.

— எல்லாம் பொய்யுன்னு நானே போய்ச் சொல்லிடறேன்.

— சொல்லுங்க சார். நாப்பது கையெழுத்தும் உங்களோடது.

— எனக்குத் தலை சுத்துதும்மா. முதல்ல யாரைக் கூப்பிடுவார்?

— கட்டுல மேல இருக்கிற ஆளைத்தான், நாப்பதாவது. நான் போகணும் சார். நிரந்தர ஆணையோட போகட்டுமா, வெறுங்கையோட போகட்டுமா?