கை நனைந்த ஞாயிற்றுக்கிழமை

குதிரை வண்டி ஓடும்போது மீன்குழம்புச் சோறு சாப்பிடுவது நல்ல பழக்கம் இல்லை. அதைத்தான் அன்றைக்கு நான் பரமசிவத்திடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் கேட்கவில்லை. புக்கிட் தீமா சாலையில் எங்களுக்குப் பின்னால் இரண்டு பேர் கம்போடு வந்துகொண்டிருந்தார்கள். வண்டிக்காரர் முகம்மது யூசுப் சாட்டையைச் சுழற்றினார். பரமசிவம் பொட்டலத்தை மடியில் பிரித்து வைத்து, நிதானமாக முள் எடுத்துக்கொண்டிருந்தான்.

"யாரு பசுபதி அவங்க?"

"தெரிஞ்சவங்கதான்."

"நம்மளையா கூப்பிடுறாங்க?"

"உன்னைத்தான்."

"சாப்பிடவா?"

காலையிலிருந்து இருபது மைல் ஓடிய குதிரை. துரத்தியவர்களுக்கும் வயது ஐம்பதுக்கு மேல். அதனால் இரு தரப்பும் நடந்துதான் போனோம். கடைசியில் பரமசிவமே, "நிறுத்துங்க பாய், பாவம், கையில தூக்குச்சட்டி வச்சிருக்காங்க" என்றான். யூசுப் நிறுத்தினார். என் குற்றம் பிடிபட்டது அப்படித்தான்.

கோயில் காரியதரிசி அம்பலவாணர் ஐயா, எழுதிக்கொள்ளுங்கள். இந்தக் கோயில் மண்டபத்தில் இப்போது மூன்று தகப்பன்மார் உட்கார்ந்திருக்கிறார்கள். மூன்று பேரும் பரமசிவத்தைத் தங்கள் மாப்பிள்ளை என்கிறார்கள். மூன்று பேர் சொல்வதும் நியாயம். சாமி முன்னால் மூன்று சீட்டு எழுதிப் போட்டாகிவிட்டது. எந்தப் பெண்ணின் பெயர் வருகிறதோ அவளுக்குப் பரமசிவம். சீட்டைப் பிரிப்பதற்கு முன் என் வாக்குமூலம் வேண்டும் என்றீர்கள். எனக்கும் சொல்லிவிடுவது நல்லது என்றுதான் படுகிறது.

நானும் பரமசிவமும் சிராங்கூன் ரோட்டில் ஒரே அறையில் ஆறு வருடமாக இருக்கிறோம். தஞ்சோங் பகாரில் ஒரே கிடங்கில் வேலை. ஒரே சட்டியில் சமையல். அந்தச் சட்டியில்தான் எல்லாம் ஆரம்பித்தது. நான் கை கழுவிவிட்டு வருவதற்குள் சட்டி காலியாகிவிடும். அவன் கெட்டவன் இல்லை. "உனக்கு வச்சிருந்தேன் பசுபதி, நீ வர லேட்டாயிடுச்சு, ஆறிப்போயிடுமேன்னு சாப்பிட்டுட்டேன்" என்பான். ஆறு வருடத்தில் இடுப்பு வேட்டி எனக்கு ஒன்றரைச் சுற்று கூடுதலாக வருகிறது. அவன் வேட்டி அவனுக்கு எட்டுவதில்லை.

கல்யாணம் செய்துகொள் என்று சொல்லிப் பார்த்தேன். "வீட்டுக்காரி வந்தா பங்கு கேப்பா லா" என்று மறுத்துவிட்டான். சம்மதிக்காத ஒருவனைச் சம்மதித்தவனாக ஆக்குவதற்கு நம் ஜனங்களிடம் ஒரே வழிதான் இருக்கிறது. பெண் பார்க்கப் போன வீட்டில் வெற்றிலையைத் தொட்டுவிட்டு எழுந்து வருவதுதான் முறை. சோற்றில் கை நனைத்துவிட்டால் சம்பந்தம் முடிந்ததாகக் கணக்கு. அப்புறம் இல்லை என்று சொல்ல முடியாது.

பரமசிவத்தைச் சோற்றில் கை நனைக்க வைப்பதற்கு யாரும் கஷ்டப்பட வேண்டியதில்லை.

மூன்று வீடுகளுக்கு ஆள் அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வருகிறார் என்றேன். பரமசிவத்திடம், ஊர் சுற்றிப் பார்க்கலாம், வழியில் எனக்குத் தெரிந்தவர்கள் வீட்டில் நல்ல சாப்பாடு கிடைக்கும் என்றேன். இரண்டுமே பொய் இல்லை. கப்பல் கேப்டன் ஒருவர் கொடுத்த பிரெஞ்சு ஒயின் இரண்டு புட்டி என்னிடம் இருந்தது. அதையும் எடுத்துக்கொண்டேன்.

"ஏன் காணும், ஒரு வீடு போதாதே? மூண்டு வீடு என்னத்துக்கு?" என்று நேற்றே கேட்டீர்கள். ஒரு கயிறு அறுந்துபோகலாம், ஐயா. பரமசிவத்தின் எடைக்கு மூன்று கயிறாவது வேண்டும். அந்தப் பெண்களைப் பற்றி யோசித்தாயா என்றும் கேட்டீர்கள். யோசித்தேன். மூவரும் நன்றாகச் சமைப்பார்கள் என்று விசாரித்துவிட்டுத்தான் ஆள் அனுப்பினேன்.

முதல் வீடு புக்கிட் தீமா சாலை ஐந்தாம் மைல்கல் பக்கம், மாடு வைத்திருக்கும் மருதப்பன் வீடு. மகள் சிவகாமசுந்தரி தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வெற்றிலைத் தட்டோடு வந்து வணங்கினாள். பரமசிவம் அவளைத் தாண்டி அடுக்களையைப் பார்த்தான்.

"என்னம்மா அது, நெய் வாசம் வருது?"

"சும்மா, பொங்கல்தான் கிண்டினோம்" என்றார் அவள் அம்மா.

"கொஞ்சம் ருசி பார்க்கலாமா?"

மருதப்பன் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். பரமசிவம் பொங்கலில் கை வைத்ததும் பெண்கள் எல்லாரும் குலவை போட்டார்கள். அவன் வெட்கப்பட்டுப் போனான். "என்னப்பா, நம்ம சாப்பிடுறதுக்கே இவ்ளோ மரியாதை?" என்று வண்டியில் ஏறும்போது கேட்டான். புக்கிட் தீமாவில் எல்லாரும் அப்படித்தான் என்றேன்.

வழியில் குன்றடியில் நிறுத்தி முதல் புட்டியைத் திறந்தோம். நல்ல இடம். காடு, பனி, தூரத்தில் மலாய்க் கம்பத்து வீடுகளில் சேவல். பரமசிவம் ஒயினை வாயில் கொப்பளித்து யோசித்தான். "பதநீர் புளிச்சுப்போய், அதுல துருப்பிடிச்ச ஆணி ஊறின மாதிரி இருக்கு லா" என்றான். பிறகு புட்டியை முடித்தான். ஒயின் பசியைக் கிளப்பும் என்று கேப்டன் சொன்னது உண்மைதான்.

இரண்டாம் வீடு ரப்பர் தோட்டத்துக் கங்காணி அங்கமுத்துவின் வீடு. அங்கே மீன்குழம்பு. மகள் இரஞ்சிதம் பரிமாறப் பரிமாறக் கங்காணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெளியே யூசுப் என் காதில், "ஐயா, உள்ள மாப்பிள்ளை சாப்பிடுறாரா, மாடு மேயுதா?" என்றார். இன்னொரு முறை குலவை. இன்னொரு முறை பரமசிவத்துக்கு வெட்கம். புறப்படும்போது ஒரு பொட்டலமும் கட்டிக் கொடுத்தார்கள். அதுதான் பிற்பாடு வண்டியில் அவன் பிரித்தது.

உட்லண்ட்ஸ் போய்ச் சேரும்போது உச்சிவெயில். படகுத்துறையில் வண்டியை நிறுத்தி இரண்டாவது புட்டியைத் திறந்தோம். முன்னால் கடல், கடலுக்கு அப்பால் ஜொகூர், வெள்ளைக் கட்டடங்கள், பச்சை மரங்கள். அப்படி ஒரு காட்சியைச் சிங்கப்பூரில் வேறெங்கும் பார்க்க முடியாது. பரமசிவம் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்தக் கரையில என்ன சமைப்பாங்க?" என்றான்.

மூன்றாம் வீடு அங்கேதான். படகுத்துறை மேஸ்திரி வேலாயுதம் வீடு. ஞாயிற்றுக்கிழமையும் அவருக்கு வேலை உண்டு. அன்றைக்கு வீட்டில் அவர் மனைவியும் மகள் மங்களமும் மட்டும். அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியாது. இலை போட்டார்கள். மிளகு ரசம், வாழைக்காய்ப் பொரியல், கருவாட்டுத் தொக்கு. இலை காலியானது. குலவை போட ஆள் இல்லாததால் மங்களத்தின் அம்மா ஒற்றையாகப் போட்டார். வேலாயுதம் மாலையில் வந்து காலி இலையைப் பார்த்து நாள் குறிக்கக் கிளம்பிவிட்டார்.

திரும்பி வரும்போதுதான் காரியம் கெட்டது. மருதப்பன் பால்கோவா கொடுக்கத் தோட்டத்துப் பக்கம் போயிருக்கிறார். கங்காணியும் நல்ல சேதி சொல்ல வெளியே வந்திருக்கிறார். "என் மகளுக்கு மாப்பிள்ளை அமைஞ்சிருச்சு." "எனக்குந்தான். தஞ்சோங் பகார் கிடங்குல கணக்கெழுதுற கிராணி." "எனக்கும் தஞ்சோங் பகார்தான். நல்ல சாப்பாட்டுக்காரர்." பிறகு பெயரைக் கேட்டுக்கொண்டார்கள். பிறகு கம்பை எடுத்துக்கொண்டார்கள். அந்த நேரம் பார்த்து எங்கள் வண்டி வந்தது.

இதில் பரமசிவம் நிரபராதி என்பதைச் சொல்லிவிட வேண்டும். போன வாரம் நீங்கள் அவனை விசாரித்தபோது நானும் இருந்தேன்.

"முதல் வீட்டுல சாப்பிட்டீரோ?"

"சாப்பிட்டேன் ஐயா. பொங்கல்ல முந்திரி கம்மி."

"ரெண்டாம் வீட்டுல?"

"சாப்பிட்டேன். குழம்பு பிரமாதம்."

"மூண்டாம் வீட்டுல?"

அவன் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தான். "ஞாபகம் இல்லீங்க. ஒயினு தலைக்கு ஏறிடுச்சு. ஆனா இலை காலின்னா நான்தான் ஐயா. வேற யாரு?"

நேர்மையான மனிதன். அவனைக் காப்பாற்ற வேண்டும் என்று எனக்கு அப்போதே தோன்றியது. இருந்தாலும் பேசாமல் இருந்துவிட்டேன். மூன்றில் எந்தச் சீட்டு வந்தாலும் அவன் அறையைக் காலி செய்வான், சட்டி எனக்கு மிஞ்சும் என்று கணக்குப் போட்டேன். நல்ல கணக்குதான். சற்று முன்பு வரைக்கும் அதில் தப்பு இருப்பதாகப் படவில்லை.

சற்று முன்பு பூசாரி தட்டைக் குலுக்கினார். ஒரு சீட்டு விளிம்புக்கு வந்து, மடிப்பு கொஞ்சம் விரிந்தது; உள்ளே 'ம' என்ற எழுத்து தெரிந்தது. மங்களம் தூணோரம் நிற்கிறாள். மூன்று வாரமாக அவள் ஒரு வார்த்தை யாரிடமும் சொல்லவில்லை. அந்தச் சீட்டைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். மிளகு ரசத்தின் மணம் என் மூக்கில் ஏறியது. பசியாக இருக்கும். காலையில் பரமசிவம் இட்லி எதையும் மிச்சம் வைக்கவில்லை.

வேலாயுதம் அண்ணே, கம்பைக் கீழே வையுங்கள். எழுதிக்கொள்ளுங்கள், அம்பலவாணர் ஐயா. தட்டில் இரண்டு சீட்டு இருந்தால் போதும். மங்களத்தின் சீட்டை எடுத்துவிடுங்கள். பரமசிவம் அந்த வீட்டுப் படியை மிதிக்கவே இல்லை. படகுத்துறையில் வண்டிக்குள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான், யூசுப் பாயைக் கேளுங்கள். மாப்பிள்ளை தூங்குகிறார், எழுந்ததும் வருவார் என்று சொல்லத்தான் நான் உள்ளே போனேன். மங்களத்தின் அம்மா என்னை மாப்பிள்ளை என்று நினைத்து உட்காரச் சொன்னார். மங்களம் திருத்தவில்லை. நானும் திருத்தவில்லை. அந்த இலையில் கை நனைத்தது நான்தான். இரண்டு தடவை ரசம் வாங்கினேன். அதற்கடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் ரயிலேறி உட்லண்ட்ஸுக்குப் போய், மாப்பிள்ளையென்று அதே இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்ததும் நான்தான்.

பசிதான் காரணம், ஐயா. வேறு ஒன்றும் இல்லை.