பதினேழாம் தலைப்பில் ஒரு சோடி சப்பாத்து

சீனி போடாத தேத்தண்ணீர்தான் எனக்குப் பழக்கம், இன்ஸ்பெக்டர் சேர். எங்கள் கந்தோரில் தேயிலைக்கு ஒதுக்கீடு உண்டு, சீனிக்கு இல்லை. மற்றவர்கள் தேயிலைக் காசிலேயே சீனியும் வாங்கிப் போட்டுக் குடித்தார்கள். நான் இருபத்தாறு வருடமாகக் கசக்கக் கசக்கக் குடித்தேன். என்னைப் பற்றி வேறு எதையும் நீங்கள் எழுதாவிட்டாலும் பரவாயில்லை, இதை எழுதிக்கொள்ளுங்கள்.

பெயர் ராசிக். வீடு பாமன்கடை. சர்வதேசப் போட்டிக்குப் போகிற வீரர்களுக்கு அரசாங்க உதவி கொடுக்கும் பிரிவில், விண்ணப்பக் கோவைகளைக் கொடுப்பனவுக்குத் தயாராக்குவது என் வேலை. எங்களிடம் இரண்டு செலவுத் தலைப்புகள் இருந்தன. பதினான்காம் தலைப்பு, ஆயத்தம். நல்ல சாப்பாடு, சப்பாத்து, பயிற்சி எல்லாம் அதில் வரும். பதினேழாம் தலைப்பு, உபாதை மீட்பு. காயப்பட்ட வீரருக்கு அதே சாப்பாடு, அதே சப்பாத்து, அதே பயிற்சி, கூடவே ஒரு வைத்தியர்.

பதினான்கு ஜனவரியிலேயே காலியாகிவிடும். இந்த வருடம் ஆயத்தம் எப்படிச் செய்வது என்று ஒரு கருத்தரங்கு வைத்தார்கள். அதற்கு ஆளுயரத்தில் ஒரு குத்துவிளக்கும் வாங்கினார்கள். பதினேழில் மட்டும் யாரும் கை வைப்பதில்லை. காயம் என்று சொன்னால் குழாத்திலிருந்து எடுத்துவிடுவார்களோ என்ற பயத்தில் பிள்ளைகள் வாய் திறக்காமல் நொண்டிக்கொண்டே ஓடுவார்கள். டிசம்பர் முப்பத்தோராம் திகதி அந்தப் பணம் அப்படியே திறைசேரிக்குத் திரும்பிப் போகும். ஒவ்வொரு வருடமும் அந்தக் கடிதத்தை நான்தான் எழுதுவேன். எழுதும்போது வயிறு எரியும்.

ஜனவரியில்தான் மேனகா வந்தாள். கொட்டாஞ்சேனைப் பிள்ளை. தாய் வெள்ளையம்மா ஹட்டன் பக்கத் தோட்டத்திலிருந்து வந்து, இங்கே ஒரு தொடர்மாடியில் கூட்டித் துடைக்கிறவர். மகள் முப்பாய்ச்சல் வீராங்கனை. ஓடி வந்து ஒரு கெந்தல், ஒரு எட்டு, ஒரு பாய்ச்சல். அவள் காலில் கிடந்த சப்பாத்து வாய் பிளந்து, டேப் ஒட்டியிருந்தது.

“ஆசியப் போட்டிக்கு இன்னும் பதினெட்டு சென்ரிமீற்றர்தான் சேர் கொறையுது. முட்டையும் சப்பாத்தும் கெடைச்சா பாய்ஞ்சிருவேன்” என்றாள்.

“பதினாலுல சல்லி இல்ல மகள். பதினேழுல நெறய இருக்கு. ஆனா உனக்குக் காயம் ஒண்டும் இல்லையே.”

“இல்லீங்க சேர், நல்லாத்தான் இருக்கேன்” என்று மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னாள். எனக்கு மனசு கேட்கவில்லை.

பக்கத்து மேசை சப்ரி இதைக் கேட்டுக்கொண்டிருந்தான். அவள் போனதும், “ராசிக் நானா, என்ட மச்சான் எக்ஸ்ரே எடுக்கிற எடத்துலதானே வேல செய்யிறான். யாருடயாவது ஒடஞ்ச கால் படம் ஒண்ட கோவையில வெச்சிருவோம். யாரு பாக்கப் போறா?” என்றான். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பொய் ஆவணம் வைத்து அரசாங்கப் பணம் எடுப்பதற்கு மோசடி என்று பெயர். இரண்டு கிழமை, முழுசாகப் பதினான்கு நாள், அவனோடு ஒரு மேசையில் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகுதான் நிதானமாக யோசித்தேன். பொய்க் காயம் கூடாது. அப்படியென்றால் மெய்யான காயம் ஒன்றுதான் நேர்மையான வழி. நீங்களும் உத்தியோகத்தர்தான், இதில் எங்கே பிழை என்று சொல்லுங்கள்.

நான் சுபஹ் தொழுதுவிட்டு வெள்ளவத்தைக் கடற்கரையில் நடக்கிறவன். மேனகாவும் முதல் பஸ்ஸில் அங்கேதான் வருவாள். தண்டவாளத்துக்குக் கீழே, ஈரமணல் இறுகிக் கிடக்கும் துண்டில் ஓடிப் பழகுவாள். கறுப்புப் பாறையடியில் தொடங்குவாள். முதல் எட்டு எப்போதும் இடது கால். இரண்டு கிழமை எண்ணிப் பார்த்தேன். பதினைந்தாவது எட்டு ஒரு சாண்கூட முன்பின் இல்லாமல் அதே இடத்தில் விழும். அவ்வளவு ஒழுங்கான பிள்ளை. எங்கள் கந்தோரில் அப்படி ஒருவர் இல்லை.

காலி வீதியில் குழந்தைகள் விளையாடுகிற பிளாஸ்டிக் மண்வெட்டி ஒன்று வாங்கினேன். சொந்தக் காசு. பில் போடவில்லை. ஓரடி ஆழத்துக்குத் தோண்டி, பத்திரிகைத் தாளை விரித்து, மேலே மணலைப் பரப்பினேன்.

இடது கணுக்காலில் தசைநார் கிழிந்தது. ஆறு கிழமை ஓட முடியாது என்றார் வைத்தியர். நான் எதிர்பார்த்ததும் ஆறு கிழமைதான். முதலில் ஓடிப்போய்த் தூக்கியது நான். திரீவீலரில் ஏற்றியதும் நான். வழியெல்லாம் அழுதாள்.

“குழாத்துல இருந்து எடுத்துருவாங்களா சேர்?”

“பயப்படாத மகள். இனித்தான் உனக்கு எல்லாம் கிடைக்கும்” என்றேன். சொன்னபடியே கிடைத்தது. முட்டை, பால், மீன், கால் பிடித்துவிட ஆள், தனிப் பயிற்றுநர். ஒரு நாள் வெள்ளையம்மா ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு எங்கள் கந்தோருக்கு மூன்று மாடி ஏறி வந்தார்.

“ஒங்க புண்ணியத்துலதான் ஐயா எம் புள்ள நாலு முட்டையக் கண்ணால பாக்குது.”

அன்பளிப்பு வாங்கக் கூடாது. பொதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆனால் அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன்.

ஓகஸ்டில் தகுதிகாண் போட்டி. மேனகா பதினெட்டையும் தாண்டி இன்னும் நான்கு சென்ரிமீற்றர் பாய்ந்தாள். ஆசியப் போட்டிக்குத் தெரிவானாள். பார்வையாளர் பக்கத்தில் நின்று நான் சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். அடுத்த நாளே வைத்தியர், இப்படிப் பாய்கிறவளுக்கு உபாதை ஏது என்று சான்றிதழ் எழுதினார். அதற்கு மறுநாள் முட்டை நின்றது.

முட்டைகூடப் பரவாயில்லை. சப்பாத்து விஷயம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. சுற்றறிக்கையின்படி, உபாதைக்குள்ளான காலுக்குத்தான் சப்பாத்து. மூன்று கடைகளில் விலை கேட்டு, கொட்டாஞ்சேனை பாயிஸின் கடையில் இடது கால் முள் சப்பாத்து ஒன்று வாங்கியிருந்தேன்.

“ஒத்தச் சப்பாத்தா? மத்தக் கால் என்ன பாவம் செஞ்ச நானா?” என்று பாயிஸ் சிரித்தார். வலதை வருடக் கடைசி வரைக்கும் எனக்காக எடுத்துவைப்பதாகச் சொன்னார். ஆக, இடது காலில் புதுச் சப்பாத்து, வலது காலில் டேப் ஒட்டிய பழசு. பிள்ளை அப்படித்தான் தகுதி பெற்றாள். பெப்ரவரியில் ஆசியாவுக்கு முன்னால் அப்படியே போய் நிற்கப் போகிறாள். நாட்டு மானம் என்று ஒன்று இருக்கிறது அல்லவா?

“பரவால்ல சேர். எனக்குச் சப்பாத்தே வேணாம். பழசுலயே பாய்ஞ்சிருவேன். போனா மட்டும் போதும்” என்றாள் மேனகா. பெருந்தன்மையான பிள்ளை. அதனால்தான் அவள் பேச்சை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

என் மனைவி பைறோஸாவும் கேட்டாள். “நம்மட சல்லியால வாங்கிக் குடுத்தா என்ன குறஞ்சா போகும்?” பயனாளிக்கு உத்தியோகத்தர் அன்பளிப்புச் செய்வது இலஞ்சத்துக்குச் சமம் என்று விளக்கினேன். “நீங்க ஒரு மனுசனா” என்று தலையில் அடித்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள். படித்தவள்தான், ஆனால் சுற்றறிக்கை வாசிப்பதில்லை.

டிசம்பர் நடுவில், பதினாறாவது எட்டு விழும் இடத்தைப் பார்த்தேன். அது வலது கால். போட்டிக்கு இன்னும் ஏழு கிழமை இருந்தது. இரண்டு கிழமையில் ஆறுகிற சின்னச் சுளுக்கு போதும். அதனால் இந்தத் தடவை முக்காலடிதான் தோண்டினேன். பணிப்பாளர் சனிக்கிழமை லீவில் வெளிநாடு போக இருந்தார். வருடக் கடைசிக்குள் அவரைப் பிடிக்க முடியாது. ஆகவே உபாதை நடந்த திகதி சனிக்கிழமை என்று படிவத்தை நிரப்பி, வெள்ளிக்கிழமையே கையொப்பமும் முத்திரையும் வாங்கிவைத்தேன்.

மணலுக்கு அடியில் ஒரு கல் கிடந்தது. அதை நான் போடவில்லை. தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அவள் விழுந்தபோது காலிப் பக்கம் போகிற ரயில் ஒன்று கடந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலிலும் முழங்கால் போன சத்தம் எனக்குக் கேட்டது.

மூன்றாம் நாள் படிவத்தை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். பயனாளியின் கையொப்பம் மட்டும்தான் பாக்கி. மேனகா பேனாவை வாங்கினாள், பிறகு தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சேர், நா விழுந்தது சனிக்கெழம. இந்த சீல் வெள்ளிக்கெழமயில்ல?”

முத்திரையின் திகதியை ஒரு நாள் முன்னே தள்ளிக் குத்த எனக்குத் தெரியாதா? அது பொய் ஆவணம். அதனால் உள்ளதைச் சொன்னேன். பதினான்கையும் பதினேழையும் விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டாள்.

“அப்ப மொத தடவ விழுந்ததும்?”

“அதுவும்தான் மகள்.”

பேனாவைக் கட்டிலில் வைத்தாள். “எனக்குச் சப்பாத்து வேணாம்னு சொன்னேனே சேர்” என்றாள். குரல் உயரவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற வெள்ளையம்மாதான் என் கன்னத்தில் அறைந்தார். அது பற்றி எனக்கு முறைப்பாடு இல்லை.

இரண்டு குழியையும் வெட்டியது நான்தான், சேர். ஒருவரும் தூண்டவில்லை. ஊன்றுகோலோடு நடப்பாள், பாய முடியாது என்று வைத்தியர் சொல்கிறார். வைத்தியர்கள் அப்படித்தான் பெரிதாகச் சொல்வார்கள். ஒரு சதம்கூடப் பிழையான தலைப்பில் போகவில்லை, நீங்கள் கோவையைப் பார்க்கலாம்.

ஒரேயொரு உதவி. இன்று இருபத்தொன்பதாம் திகதி. அவளிடம் வாக்குமூலம் எடுக்கப் போகும்போது இந்தப் படிவத்தையும் கொண்டுபோய்க் கையொப்பம் வாங்கித் தாருங்கள். நாளை மறுநாள் பணம் திறைசேரிக்குப் போய்விடும், பாயிஸும் அதற்கு மேல் எடுத்துவைக்க மாட்டார். வலது கால் சப்பாத்து இல்லாமல் அந்தப் பிள்ளை எப்படிப் போட்டிக்குப் போவாள்?