பச்சைப் பட்டுப் பக்கம்

ஞாயிறு மதியம் மூன்று மணி. நந்தனத்தில், ஆபீஸ்களுக்குப் பின்னால் ஒரு தெரு... நாய்கூட இல்லை. அங்கே ஒரு மாடி அறையில் தனியாக உட்கார்ந்திருந்தாள் கயல். என் நண்பன் வெங்கடேஷின் அத்தை மகள். தி. நகர் ஜவுளிக்கடை ஒன்றின் வெப்சைட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலை.

கடைக்காரர் வெள்ளைத்துரையின் மகள் ஷண்முகப்ரியா பச்சைப் பட்டு கட்டி நிற்கும் பக்கம் அதில் இருந்தது. அவள் இறந்து ஒரு வருஷம். நெட்டில் கடைப் பெயரைத் தேடினால் முதலில் வருவது அந்த முகம்தான். அதைப் பார்த்துவிட்டால் அவள் அம்மா பேச்சியம்மாள் அன்றைக்குச் சாப்பிடமாட்டாள்.

"ஒரு பக்கத்த மறைக்க மூணு வாரமாம்மா?" என்றார் வெள்ளைத்துரை போனில்.

கயலும் சும்மா இருக்கவில்லை. 'தேடலில் காட்டாதே' என்று பக்கத்துக்குள் குறிப்பு எழுதினாள். போகவில்லை. பார்த்தால், முன்பு வேலையில் இருந்தவன் தேடுபொறி அந்தப் பக்கத்துக்குள் நுழையவே தடை போட்டிருந்தான். நுழையாமல் குறிப்பை எப்படிப் படிக்கும்? தலையில் அடித்துக்கொண்டு தடையை எடுத்தாள். வெள்ளிக்கிழமை மறைந்தது. சனிக்கிழமை திரும்ப வந்தது... ஆத்திரத்தில் இன்று பக்கத்தையே அழித்தாள். படத்தையும்.

மூன்றே கால். தேடினாள். இல்லை. அப்பாடா...

புதுப் பட்டின் வாசனை வந்தது. அப்புறம் மாடிப்படியில் கொலுசு. சிலிங்... சிலிங்... ஒவ்வொரு படியாக இறங்கிப் போனது. யாரும் ஏறி வந்த சத்தமே கேட்டிருக்கவில்லை.

அரை மணி கழித்து நங்கநல்லூர் வீட்டிலிருந்து பேச்சியம்மாள் கூப்பிட்டாள். குரலில் அழுகை இல்லை.

"பக்கத்த எடுத்திட்டியாம்மா?"

"எடுத்துட்டேன் ஆன்ட்டி. இனிமே வராது."

"அதான்... இங்க வந்துட்டா. சாப்பிட உக்காந்திருக்கா. அப்புறம் பேசுறேன்."

பின்னால், எவர்சில்வர் தட்டு தரையில் உரசியது.

ஆறு மணிக்கு வெள்ளைத்துரை கூப்பிட்டார். கிசுகிசுப்பாக.

"கயல்... அந்தப் பக்கத்த மறுபடியும் போட முடியுமா?"

போட்டாள். பழைய நகலில் இருந்த அதே படம், அதே முகவரி. தடையில்லை, குறிப்பில்லை. தேடலில் சேர்க்கச் சொல்லித் தினமும் விண்ணப்பிக்கிறாள். 'கண்டறியப்பட்டது, இன்னும் சேர்க்கப்படவில்லை.' எட்டு மாதமாக இதே பதில்.

வெள்ளைத்துரை இப்போது கடையிலேயே படுத்துக்கொள்கிறார். பேச்சியம்மாள் ஒருத்தி இருக்கும் வீட்டுக்கு... வாரம் ஒரு மூட்டை அரிசி போகிறது.