எல்லாக் கட்டையிலயும் காக்காக் காலு

அந்த ஸ்டூலு ஆடும், பாத்து ஒக்காருங்க மேஸ்திரி. செருப்பக் கழட்ட வேணாம், இருக்கட்டும். தெருவுல ஒவ்வொரு வூடா ஏறி எறங்கிட்டு வரீங்க. துர்கா வூட்டுல டீ குடுத்தாளா? தண்ணிகூடக் குடுக்கலியா? அடப் பாவமே. இந்தாங்க, குடிங்க.

மொதலாளிக்கு ஒரு பேரு வேணும், அதானே. சங்கத்துக்கு யாரு மொத ஆளு, யாரு கெளப்பிவுட்டா. பேரு கெடச்சா அன்னைக்கே அவளக் கணக்குத் தீத்து அனுப்பிடலாம். கம்பெனிக்குள்ள சாமிதுரை மேஸ்திரி வராருன்னா ஈ காக்கா பேசாது. அப்பேர்ப்பட்ட ஆளு, இந்த அம்சவல்லி வாயத் தொறப்பாளான்னு வாசல் ஏறி வந்திருக்கறீங்க.

வெளியூரு ஆளு வந்து கெடுத்துட்டானா? நல்லாருக்குதே. பாலக்கரையில சங்கத்து ஆபீஸு எந்தப் பக்கம்னு நாங்கதான் கேட்டுக் கேட்டுப் போனோம். அங்க இருந்தவரு எங்களப் பாத்துட்டு, என்னம்மா, பீங்கான் பொம்ம விக்க வந்தீங்களான்னாரு. அவரா எங்களத் தூண்டிவுட்டாரு?

சிரிக்காதீங்க. சூளையில நடக்கறது ஒங்களுக்குத் தெரியாததா? லாரி வந்து நிக்குதுன்னு, ஆறுறதுக்கு முன்னாடியே தொறக்கச் சொல்லுவாரு மொதலாளி. சரிங்கன்னு தொறப்பீங்க. குளுந்த காத்து பட்டா பீங்கான் வெடிக்காம என்னா பண்ணும்? வெடிச்ச கரண்டு பீஸ் கட்டையத் திருப்பி அடியில பாப்பீங்க. சுடறதுக்கு முன்னாடி பச்சையா இருக்கறப்பவே ஈக்குக் குச்சியால அவ அவ கீறுன அடையாளம் இருக்கும். எனக்கு வட்டம். துர்காவுக்குப் பூ. ஒங்க வூட்டு திரௌபதிக்கு மீனு. தொறந்தது நீங்க, கூலியில புடிக்கறது எங்ககிட்ட.

அடிப்பக்கமும் நொறுங்கிப்போனா யாருதுன்னு தெரியாது. அதையெல்லாம் கண்ணம்மா தலையில கட்டுவீங்க. புருசன் இல்லாதவ, வந்து கேக்க ஆளில்ல. பெரிய வீரந்தான். அவ பாவம், கொளஞ்சியப்பர் கோயில்ல பிராது எழுதிக் கட்டிட்டு வந்தா. சாமி வெசாரிக்கறதுக்குள்ள நீங்க வெசாரிச்சு வேலைய வுட்டே நிறுத்திட்டீங்க.

அதுக்கப்புறந்தான் எல்லாக் கட்டையிலயும் காக்காக் காலு. கண்ணம்மா கீறுற அடையாளம். ஆளு வூட்டுல கெடக்கறா, அவ கோடு மட்டும் சூளையிலேருந்து வந்துகிட்டே இருக்குது. ஒடஞ்சது யாருதுன்னு நீங்களும் மொதலாளியும், நாயி தேங்காய உருட்டுன மாதிரி, திருப்பித் திருப்பிப் பாத்தீங்களே. நாங்க முந்தானையால வாயப் பொத்திக்கிட்டோம். தூசிக்குன்னு நெனச்சீங்க.

அந்த வாரம் ஒருத்திகிட்டயும் கூலி புடிக்க முடியல. அப்பதான் எங்களுக்கே வெளங்குச்சு, எல்லாரும் ஒண்ணா நின்னா இவங்களால ஒண்ணும் பண்ண முடியாதுன்னு. அப்பறந்தான் பாலக்கரைக்குப் போனதெல்லாம்.

செல்லு அடிக்குது பாருங்க. மொதலாளியா? எடுங்க. வேணாமா? சரி, அடிக்கட்டும்.

என்னாது, பேரு சொன்னா எனக்கு மேஸ்திரி வேலையா? ஒங்க வேலைய எனக்குத் தரேன்னு ஒங்ககிட்டயே சொல்லி அனுப்பிச்சாரா? அதையும் வாங்கிக்கிட்டு வந்து சொல்றீங்களே.

பேரு சொல்றேன், ஒக்காருங்க.

கண்ணம்மாவ நிறுத்துன அன்னைக்கு, அவ முன்னாடி ஒரு கூடை நொறுங்கலக் கொட்டுனீங்களே, அது அவளுது இல்ல. செஞ்சவளுக்குத் தெரியும். பக்கத்துலதான் நின்னுக்கிட்டிருந்தா. மேஸ்திரி பொண்டாட்டியாச்சே, ஒடஞ்சதுல அவ மீனு இருக்குதான்னு என்னைக்காவது நீங்க தேடுனதுண்டா? அதான் மீனு நின்னுபோனது இதுவரைக்கும் ஒங்க கண்ணுல படல.

எங்க எந்திரிக்கறீங்க, டீயக் குடிச்சுட்டுப் போங்க. மொதக் காக்காக் கால கீறுனது அவதான். சங்கத்துல மொதக் கையெழுத்தும் அவளுதுதான். அந்தாளு வந்து கேட்டா மறைக்காத, சொல்லிடுக்கான்னு அவளேதான் சொல்லிட்டுப் போனா. சோத்த மூடி வெச்சிருக்கறாளாம். மொதலாளிக்குச் சாப்புடறதுக்கு முன்னாடி போனு போடுவீங்களா, பின்னாடி போடுவீங்களான்னு மட்டும் கேட்டு வெக்கச் சொன்னா.